பற்களுக்கு நரம்பில்லை

எங்கள் கெமியில்
கிட்டார் மரம் விற்பவர் எவருமில்லை.
காகிதத்துக்கு மரம் உண்டு,
லாரி லாரியாய்ப் போகிறது, கூழாவதற்கு.
எனக்கு வேண்டியது ஒரே பலகை,
இரண்டரை மில்லிமீட்டர் கனம்,
இழை நெருங்கியதாய்.

பள்ளிக்கூடத்தின் பின்வாசலில்
உர்ஹோ ஒரு பியானோவை உடைத்துக்கொண்டிருந்தார்.
"இரும்புக்கு ஆள் வருகிறான்.
மரத்துக்கு நீ வந்தால் சரி."
அதன் முதுகைக் கழற்ற ஒரு மத்தியானம் போயிற்று.
திருகாணிக்கு ஒரு வசவு வீதம் கொடுத்தோம்.
ஸ்ப்ரூஸ். பொடிச்சீப்பு மாதிரி வளையங்கள்.
மைனஸ் இருபத்தெட்டில்
கையுறையைக் கழற்றித் தட்டிப் பார்த்தேன்.
விரல் மரத்துப்போகும் முன்
மரம் ஏதோ சொல்லிவிட்டது.

எலும்புக்குக் கசாப்புக்கடை.
மாட்டின் முன்னங்கால், மூன்று நாள் கொதித்தது.
"யார் வீட்டில் விருந்து?" என்று
படிக்கட்டில் நின்று கேட்டாள் ஹில்க்கா.
விருந்தில்லை, அம்மா.
நரம்பு தலைசாய்க்க ஒரு விரல்கடை எலும்பு.

சின்ன அரங்கள் என்னிடமே உண்டு,
உள்ளே எட்டிப் பார்க்கும் குச்சிக் கண்ணாடியும்.
இருபத்தாறு வருடமாகப் பல் செய்கிறேன்.
நான் செய்யும் பற்களுக்கு நரம்பு கிடையாது.
இதற்கு ஆறு.

மெட்டுக் கம்பிதான் கிடைக்கவில்லை.
எங்கே பதிப்பதென்று தெரியும்:
மீதமுள்ள நீளத்தைப் பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழால் வகு,
வந்ததைத் தள்ளு, மறுபடி வகு.
பரோட்டாக் கணக்கு போல முடியவே முடியாது அது;
பத்தொன்பதாவதில் நாமாக நிறுத்த வேண்டும்.
பதிக்கக் கம்பி வேண்டுமே.

ஹபரண்டாவில் ஒருவனிடம் மிச்சமிருப்பதாகச் சொன்னார்கள்.
பாலம் தாண்டினால் சுவீடன்.
கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போகும்,
வட்டியில்லாக் கடன்,
திரும்பும்போது பிடுங்கிக்கொள்வார்கள்.

ஹெம்மிங். என் வயதில் பாதி.
சுவரில் மூன்று அரைக் கிட்டார்கள்.
"நன்றாக வாசிப்பீர்களோ?"
"வாசிக்கவே தெரியாது.
நான் செய்கிற பல்லால் நானா மெல்கிறேன்?"
சிரித்தான். கம்பி பாதி விலைக்கு இறங்கிற்று.

பிறகு கட்டிலடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தான்.
உடைந்த துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஒட்டுத்தாள்:
பசை ஆறிவிட்டது.
அவசரம்.
இழைக்குக் குறுக்கே சீவினேன்.
இடுப்பில் போயிற்று.
ஒரு மேற்பலகையில், நீள விரிசலின் ஓரம்,
வெறுமனே: பிப்ரவரி.
"ஹீட்டர் ஓடும் மாதம். அறையில் ஈரத்துண்டு தொங்கவிடுங்கள்."
பெட்டிக்கு எவ்வளவு என்றேன்.
"குப்பைக்கா?"
கடன் வாங்கிய ஒரு மணி நேரமும்
அந்தக் குப்பை மேலேயே செலவாயிற்று.

பக்கங்களுக்கு பிர்ச்.
விறகு அடுக்கில் தப்பிய ஒரு மீட்டர்க் கட்டை,
இழையெல்லாம் நெளி நெளியாய்.
சவுனாவில் வைத்து வளைக்கலாமென்று
முதலில் தோன்றியது. வளைந்தது நான்தான்.
அப்புறம் ஒரு இரும்புக் குழாய், உள்ளே தீ,
தண்ணீர் தெளித்துத் தெளித்து அழுத்தினேன்.
தோள் வந்தது. இடுப்பு வந்தது,
வந்துகொண்டே இருந்தது,
வெண்ணெய் திரளும் நேரத்தில்
டக்கென்று தாழி.

ஒட்டுத்தாள் ஒன்றைக் கிழித்தேன்.
நீர் போதாதா, தீ மிஞ்சியதா, அந்த இழையா, நானா?
தெரியாமல் தேதியை மட்டும் எழுதி
ஹெம்மிங்கின் பெட்டியில் போட்டேன்.
இன்னொரு பட்டை இருக்கிறது.
ஒன்றே ஒன்று.

மறுநாள் வேலை மேசையில்
யாருக்கோ ஒரு கடைவாய்ப்பல்.
மெருகேற்றிக் காதருகே கொண்டுபோய்
நகத்தால் தட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.
எதிர்மேசையில் ரவுனி கையை நிறுத்தினாள்.
"என்ன சொல்கிறது?"
"மேல்வரிசை," என்றேன், "இடது பக்கம்."