வாடகை ரசீது

மார்ச் பிறந்தால் கன்னிங்ஹாம் ரோட்டில்
ரோஜா நிறத்தில் பூ கொட்டும்.
எங்கள் ஆடிட்டர் ஆபீசில் கொட்டுவது பில்லும் ரசீதும்.
பதினெட்டு வருடமாக
பிறர் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது
என் வருமானம்.

"ஒரு பர்சென்ட் ஏத்தப் போறானாம்.
ஆஸ்பத்திரிக்காம், வயசானவங்களுக்காம்."
நஞ்சப்பா பேப்பரை மேசைமேல் எறிந்தார்.
கோரமங்களாவில் பதினோரு ஃப்ளாட்.
"உழைக்கிறவனையே உறிஞ்சறாங்க சாமி."
அவர் உழைத்து நான் பார்த்ததில்லை,
அவருடைய சுவர்கள் உழைத்துப் பார்த்திருக்கிறேன்.
ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தார்:
சொல்ப அட்ஜஸ்ட் மாடி.

செய்தேன்.
மனைவி பேரில் நான்கு, மகன் பேரில் மூன்று,
பெயின்ட் அடிக்காத மாடிக்குப் பெயின்ட் செலவு.
ஒன்பது லட்சம் மிச்சம்.
எனக்கு ஒரு டப்பா தார்வாட் பேடா.

படுக்கையோடு கிடக்கும் அவர் தாயாரைப்
புரட்டித் துடைத்து மருந்து போடுகிறவள்
லிங்கராஜபுரத்துப் புஷ்பமேரி.
சம்பளம் பதினாலாயிரம்.
"வரியே கட்டாத கூட்டம்" என்று நஞ்சப்பா சொல்லும்போது
அதில் அவளும் உண்டு.
ஒருநாள் ஃபைல் கொண்டுவந்தவள்
சோப்பு வாங்கிய பில்லை நீட்டி
கீழே இருக்கிற இது என்ன சார் என்றாள்.
சொன்னேன்.
"இதக் கொறைக்க முடியாதா?"
முடியாது என்றேன்.
பில்லை நான்காக மடித்து பர்ஸில் வைத்தாள்.
"அப்ப எனக்கெல்லாம் ஆடிட்டர் கெடயாது."

மார்க்கெட் பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில்
வாரம் மூன்று நாள் என் தம்பி ஜெயசீலன்.
முப்பத்தாறு வயது.
ஊருக்கெல்லாம் சூடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவன்.
சிறுநீரகம் இரண்டும் கடையை மூடிவிட்டன.
ஆறு மெஷினில் இரண்டின்மேல்
ரிப்பேரி என்று கன்னடத்தில் சீட்டு.
நாலு பேர் பெஞ்சில் ஏழு பேர்.
எட்டாவது ஆளைக் கூட்டிவந்து
நர்ஸ் சொல்வது அதே மூன்று சொல்தான்:
சொல்ப அட்ஜஸ்ட் மாடி.
அவளுக்குச் சிரிக்க நேரமில்லை.

நஞ்சப்பாவின் ஒன்பது லட்சத்தில்
ஒரு மெஷின் வந்திருக்கும்.
வந்திருக்குமா?
கஜானாவுக்குப் போகிற வழியில்
எத்தனை வாய் திறந்திருக்கும் என்பதும்
எனக்குத் தெரியாததல்ல.
மேம்பாலத் தூணுக்குச் செடி சுற்றவோ
திறப்பு விழாப் பந்தலுக்கோ போயிருக்கும்.
இப்படி நினைத்துக்கொண்டால்
நன்றாகத் தூக்கம் வருகிறது.
அதனாலேயே
இந்த நினைப்பின்மேல் எனக்குச் சந்தேகம்.

இன்று டோக்கன் இருபத்து மூன்று.
மெஷின் சுற்றத் தொடங்கியபின்
பையிலிருந்து எடுத்தேன்,
பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு ரசீது.

மர்ஃபி டவுனில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில்
அவனும் நானும் ஒரே கூரை, ஒரே குழாய்.
காகிதத்தில் மட்டும் ஆறு வருடமாக
அவன் வீட்டுக்காரன், நான் குடித்தனக்காரன்.
மாதம் ஏழாயிரத்து ஐநூறு.
வருடம் லட்சத்தைத் தாண்டாவிட்டால்
வீட்டுக்காரனின் பான் எண் கேட்கமாட்டார்கள்.
இதெல்லாம் தெரிந்தவன் நான்.

"இந்த வருஷமும் வாடகை ஏத்தலியா?" என்றான்.
இடது கையில் ஊசி. வலது கையில் என் பேனா.
ஒரு ரூபாய் ஸ்டாம்பின் மேல்
ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டான்.
ஏழாவதில் நின்றான்.
"இதுல உனக்கு எவ்ளோ மிச்சம்?"
"பதினெட்டாயிரம்."

இங்கே மெஷின் நின்ற நாட்களில்
தனியாரிடம் போயிருக்கிறோம்.
தடவைக்கு ஆயிரத்து ஐநூறு.
அன்றிலிருந்து அவன் கணக்கெல்லாம் அதில்தான்:
செருப்பு அரைத் தடவை,
காஸ் சிலிண்டர் முக்கால் தடவைக்குக் கொஞ்சம் கம்மி.

"பன்னண்டு தடவ," என்றான். "நாலு வாரம்."

குரலில் ஒன்றுமில்லை.
குழாயில் அவன் ரத்தம் வெளியே போய்
திரும்பி வந்துகொண்டிருந்தது.
எட்டாவதில் போட்டான். ஒன்பது. பத்து.
நான் ஏதாவது சொல்வேன் என்று
காத்திருந்தானோ என்னவோ.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பெஞ்சிலிருந்த பெண்
எவ்வளவு நேரம் என்று கையால் கேட்டாள்.
இரண்டு விரல் காட்டினேன்.
இரண்டு மணி நேரம்.
இரண்டு ரசீதும் பாக்கி.