வரவுப் புத்தகத்தில் ஐந்து

புதன்கிழமை ஜெபக்கூட்டம். வருகை: ஐந்து.
நீலப் பேனையால் எழுதினேன்.
மை வரவில்லை; இரண்டாம் தரமும் அழுத்தியதில்
தாளில் பள்ளம் விழுந்துவிட்டது.

நல்ல வாடைக்காற்று.
உட்துறைமுக வீதியில் கடலுக்கும் தெருவுக்கும்
வித்தியாசம் தெரியவில்லை.
ஆறரைக்குக் கரண்ட் போனது.
மூதூர் போன போதகர் திரும்பி வர
கடைசி பஸ்ஸும் இல்லை.

எட்வினா ரீச்சர் வந்தது ஜெபத்துக்கல்ல,
போன கிழமை இரவல் வாங்கிய குடையைக் கொடுத்துவிட்டுப் போக.
குடை இல்லாமல் எப்படிப் போவது?
இருந்துவிட்டா.
பாக்கியராசா மா ஆலை வேலை முடிந்து நேரே வந்தார்,
புருவம் இரண்டிலும் மா, மழை பட்டுக் களியாகி.
முதல் ஜெபத்திலேயே நித்திரை.
யாரும் தட்டி எழுப்பவில்லை.
களைத்தவன் கண்ணயர ஆண்டவருடைய வீடு
கொஞ்சம் இடம் தராதா?
சுகிர்தாவும், இரண்டு வயது யோவேலும்.
ஓம், அவனையும் எண்ணினேன்.
நாங்கள் மெழுகுதிரியைப் பார்த்தபடி இருக்க
அவன் "ஆமென்" என்றான், நடுவில், தேவையில்லாத இடத்தில்,
பிறகு நிறுத்தவே இல்லை.
ஐந்தாவது நான்.

ஆறாவதாக ஒரு புள்ளிமான்
கோட்டைப் பக்கமிருந்து நனைந்து வந்து
வாசல் விறாந்தையில் நின்றது.
அறிவித்தல் பலகையில் கிழிந்து தொங்கிய தாளை,
ஞாயிறு ஆராதனை காலை எட்டரை, அனைவரும் வருக,
மெதுவாக மென்று தின்றது.
எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம்.

வராதவர்களே, இது உங்களுக்கு.
குற்றப்பத்திரம் அல்ல; பயப்பட வேண்டாம்.
உப்புவெளியில் கூரைத்தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்,
ஆஸ்பத்திரியில் தாய்க்குத் துணையிருந்தவள்,
கட்டார் மகனின் அழைப்புக்கு ஃபோனடியில் காத்தவர்கள்,
அங்கேயும் ஒரு கூட்டம் நடந்ததென்று நினைக்கிறேன்,
பாட்டில்லாமல்.
"ஜெபிக்க வருதில்லை அண்ணை, சும்மாதான் இருக்கிறன்" என்ற தம்பி றெக்ஸ்,
சும்மா இருக்க எங்களிடம் வாங்கு நிறைய உண்டு.

ஆனால் நேசமலரக்கா,
உங்களுக்கு நான் எழுதக்கூடாது, நேரே வரவேணும்.
அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
ஒரு பூசணிக்காய்க்காக
எல்லார் முன்னாலும் விழுந்த அந்தச் சொல்
யாருடையது என்று சபைக்குத் தெரியும்.
என்னுடையது.
நாலு மாதமாக ஹார்மோனியம் மூடிக் கிடக்கிறது.
நாங்கள் சுருதி இல்லாமல், ஆளுக்கொரு உயரத்தில்
பாடிக்கொண்டிருக்கிறோம்.

வியாழன் காலை பாலையூற்றுக்குப் போனேன்.
சேற்றில் ஒரு செருப்பு அறுந்து, மற்றதைக் கையில் பிடித்தபடி.
ஒத்திகை பார்த்த வசனமெல்லாம்
படலையடியில் மறந்து போச்சு.
"அக்கா, நான் சொன்னது பிழை" என்றேன்.
அவ பதில் சொல்லவில்லை.
துவாய் ஒன்று எடுத்துத் தந்தா.
தேத்தண்ணி வைத்தா; சீனி கூட.
வெளிக்கிடும்போதுதான், முதுகுக்குப் பின்னால்:
"கிழக்கு யன்னலில கண்ணாடி ஒன்று இல்லை.
ஹார்மோனியம் நனையேல்லையே?"

நான் பார்க்கவில்லை, சகோதரரே.
ஜெபித்தேன், வரவு எழுதினேன், திரி அணைத்தேன்;
அதைப் பார்க்கவில்லை.
வராதவளுடைய நெஞ்சு
இரவு முழுக்க அந்த யன்னலடியில் நின்றிருக்கிறது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓரம் கொஞ்சம் ஈரம்.
பாக்கியராசா மறந்துவிட்டுப் போன மழைக்கோட்டால்
மூடியிருக்கிறேன்.
அடுத்த புதனும் மழையாம்.
அக்கா வருவேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
புதுப் பேனை வாங்கிவிட்டேன்.

வாங்கோ.
கதவு ஈரத்துக்கு ஊதி இறுகியிருக்கிறது;
பூட்டென்று நினைத்துத் திரும்பிவிட வேண்டாம்.
தோளால் ஒரு தள்ளு.