இரண்டு முறை வந்த இரண்டரை

புகைபோக்கி துடைப்பவர்களுக்கு மென்பொருள் செய்கிறேன் என்றால்
மாரிபோரில் யாரும் சிரிப்பதில்லை.
குளிருக்கு அடுப்பு, அடுப்புக்குப் புகைபோக்கி,
புகைபோக்கிக்கு ஆண்டு தவறாமல் ஓர் ஆள்,
அந்த ஆளுக்கு ஒரு நோட்டு.
நான் விற்பது அந்த நோட்டைத்தான்.
மாதம் பத்தொன்பது யூரோ.

வங்கிக்காரி மட்டும் கேட்டாள்:
"மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள், இந்த நாட்டில்?"
எண்ணி வைத்திருந்தேன்.
சொல்லவில்லை.

முதல் ஆண்டு ஒன்பது பேர்.
அதில் ஒருவன் என் அண்ணன்;
துடைப்பத்தைத் தொட்டவனே இல்லை.

பிறகு அந்த அக்டோபர் கடைசி ஞாயிறு.
ஊரே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்
தூங்கிய இரவு.
இரண்டரை மணி வந்தது, போனது,
சாவியை மறந்துவிட்டுப் போனவள் போல
மறுபடி வந்தது.
இரண்டரைக்கு மறுநாள் பட்டியலைப் போடு என்று
என் நிரலிடம் சொல்லியிருந்தேன்.
சொன்ன சொல் தட்டாத பிள்ளை,
இரண்டு முறையும் போட்டது.
விடிந்ததும் முந்நூறு வீடுகளுக்கு
இரண்டிரண்டு செய்திகள்:
நாளை வருகிறோம். நாளை வருகிறோம்.

இருபத்து மூன்று பேரையும் தொலைபேசியில் அழைத்தேன்.
மூன்று பேர் கேட்டுக்கொண்டார்கள், விலகிக்கொண்டார்கள்.
லேனார்ட் பக்கத்து சிரில் ஓஷ்லாக் மட்டும்
இருமும்வரை சிரித்தார்.
"இரண்டாம் தடவை துடைத்தால்
புகைபோக்கி என்ன கரைந்தா போய்விடும்?"
சங்கக் கூட்டத்தில் இதையே நகைச்சுவையாகச் சொல்லிச்
சொல்லி
எனக்கு ஆறு பேரைப் பிடித்துக் கொடுத்தார்.
விளம்பரத்துக்கு நான் கொட்டிய நானூறு யூரோ
ஒருவரையும் கொண்டுவரவில்லை.

நாற்பது பேர் இருந்தால்
வாடகை, சர்வர், ரொட்டி.
கையைக் கடிக்காத எண் நாற்பது.
ஒரு கோடையில் ஐம்பத்தொன்று வரை போனேன்;
புது நாற்காலி வாங்கினேன், தவணையில்.
கிராட்ஸிலிருந்து கொதிகலன் கம்பெனி ஒன்று
அதே நோட்டை இலவசமாகக் கொடுத்தது.
இலவசத்தோடு யார் மல்லுக்கட்டுவது?
பிப்ரவரியில் ஒரே வாரத்தில் பதினொரு பேர்.
நாற்காலி இருக்கிறது.
தவணையும்.

நாற்பது.
சரியாக நாற்பது.
தினமும் காலையில் பார்ப்பேன், யார் திறந்தார்கள், யார் இல்லை என்று.
சிரில் ஓஷ்லாக்:
கடைசியாகத் திறந்தது ஜனவரி பதினான்கு.
பிப்ரவரி முதல் தேதி பத்தொன்பது யூரோ வந்தது.
மார்ச் முதல் தேதி வந்தது.
ஏப்ரலும்.

தெரிந்துகொள்ள வேண்டாம் என்று
எவ்வளவு வேலை பார்க்க முடியும் ஒருத்தியால்!
எழுத்துருவை மாற்றினேன்.
பொத்தானின் நீலத்தை இன்னும் கொஞ்சம் நீலமாக்கினேன்.

கடைசியில் அழைத்தபோது ஒட்டிலியா எடுத்தார்.
ஆமாம், ஜனவரியில்.
கூரையிலிருந்து விழுந்து அல்ல, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்,
தூக்கத்தில்.
பணம் போவது அவருக்குத் தெரியாது.
அந்த வீட்டுக் குறிப்புகளைத் தர முடியுமா என்றார்,
அவர் எழுதியவற்றை.

அச்சிட்டேன். ஆயிரத்து நூறு வீடுகள்.
"நாய் கடிக்கும். பெயர் சொன்னால் கடிக்காது. பெயர் முறி."
"மேல்மாடிக்காரருக்குக் காது மந்தம், மணியை விடாமல் அழுத்து."
"பிளம் சாராயம் கொடுப்பார்கள். கடைசி வீடாக வைத்துக்கொள்."

ஐம்பத்தேழு யூரோவைத் திருப்பி அனுப்பினேன்.
கணக்கை மூடப் போனால்
நான் எழுதிய படிவமே என்னை மறித்தது:
ஏன் விலகுகிறீர்கள்?
விலை அதிகம். வேறு மென்பொருள் கிடைத்தது.
பயன்படுத்துவதில்லை. மற்றவை, விளக்கவும்.
ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் மேலே போக முடியாது.

அன்றிரவு நான் மாற்றியது ஒரே ஒரு வரி:
பதில் கட்டாயமில்லை.

பிறகு அழுத்தினேன்.
முப்பத்தொன்பது.