சனிக்கிழமை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்

மெகருன்னிசா, அமிர்தகடேசன்,
போன மாதம் என் பேச்சைக் கேட்டுத்
தஞ்சாவூர் வரை போய்
ராஜா வேஷம் பார்த்துவிட்டு வந்த மற்ற நால்வர்,
முதலில் மன்னிப்பு.
மேடையில் நிஜக் குதிரை என்றார்கள், நம்பிவிட்டேன்.
குதிரை நன்றாகத்தான் நடித்தது.

இது வேறு.
நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டைத் தாண்டி
ஓடாத அரிசி ஆலையில்
ஒன்பது பேர் சேர்ந்து போடுகிறார்கள்.
நாடகத்தின் பெயர் ‘பதினேழு’.
ஈரம் பதினேழுக்கு மேல் போனால்
கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள் இல்லையா,
அந்தப் பதினேழு.
குவித்த நெல்லோடு ஒருவன்
பதினோரு ராத்திரி படுத்துக் கிடக்கிறான்.
அவ்வளவுதான் கதை.

மழை உண்டு.
முறத்தில் உளுந்தைச் சரிக்கும் இரண்டு பெண்கள்தான் மழை.
கண்ணை மூடிக் கேளுங்கள்,
தார்ப்பாயை இழுத்து மூடக் கை பரபரக்கும்.

ஈரம் பார்க்கும் கருவியாக ஒரு பையன்.
வேறு வசனமில்லை, எண் மட்டும் சொல்வான்.
பதினெட்டு புள்ளி இரண்டு, என்பான்,
லேபில் நான் சர்க்கரை அளவு படிக்கிற மாதிரியே
முகத்தைப் பார்க்காமல்.
இப்போதெல்லாம் தாளைக் கொடுக்கும்போது
ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறேன்.
ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடமும்
இந்த நாடகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
ஊசி ஏறுகிற நேரம் பார்த்து.
அப்போது யாரும் மறுப்பதில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன்.
இடைவேளைக்குப் பிறகு ஒரு தாய்மாமன் வந்து
கால் மணி நேரம் காவிரியைப் பற்றிப் பேசுகிறார்.
நமக்குத் தெரியாத காவிரியா?
டீ குடித்துவிட்டு வரலாம்.

முதல் தடவை
தியாகேசனைக் கூட்டிக்கொண்டு போனேன்.
நம் தியாகேசன்தான், கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறவன்.
கதை என்னவென்று கேட்காமல் போனது என் தப்பு.

சிபாரிசு செய்தவள் மேடையைப் பார்ப்பதில்லை,
உங்களுக்கே தெரியும்.
பக்கத்து நாற்காலியைப் பார்ப்பாள்.
சிரிக்கிற இடத்தில் சிரித்தானா,
போனை எடுத்தானா.
மூட்டைக்கு நாற்பது என்று
மேடையில் எழுத்தர் விரலை மடக்கினார்.
தியாகேசன் காலால் செருப்பைத் தேடினான்.
எழுந்து போனான்.
மீதி நாடகம் முழுக்க
நான் பார்த்தது ஒரு காலி நாற்காலி.

விட்டதைப் பார்க்க மறுவாரம் தனியாகப் போனேன்.
பையன் நெல்லை அள்ளுகிற விதமே மாறியிருந்தது.
மேலாக இல்லை,
முழங்கை வரை உள்ளே விட்டு
குவியலின் அடியிலிருந்து.
யார் சொல்லிக் கொடுத்தது, கேட்டேன்.
புதன்கிழமை ஸ்கூட்டரில் ஒருத்தர் வந்தாராம்.
குத்தூசியைச் சாக்கின் எந்த மூலையில் இறக்குவது,
எழுத்தர் எந்தக் காதில் பேனா செருகுவார்,
எல்லாம் திருத்திவிட்டுப் போனாராம்.
நாற்பது ரூபாய்க் காட்சியை?
தொடவே இல்லையாம்.
‘அது சரியா இருக்கு’ என்றாராம்.

என்னோடு இன்னும் பேசவில்லை அவன்.

ஆகவே வாருங்கள்.
ஏழு மணி என்று போட்டிருப்பார்கள்,
சரக்கு ரயில் போய்க் கேட் திறந்தால்தான் தொடக்கம்.
நெல்லுக்காரராக நடிப்பவரே
மன்னார்குடி பஸ்ஸில் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருப்பார்.
டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு மரக்கால்,
தோன்றியதைப் போடலாம்.
முழுக்கைச் சட்டை நல்லது, கொசு அதிகம்.
நாற்காலி முப்பதுதான், முன்னாலேயே வந்து பிடித்துவிடுங்கள்.
என் பக்கத்து நாற்காலியில் பை இருக்கும்.
எடுக்கச் சொல்லாதீர்கள்.