சிவப்பு நூல்

அரசுக் குலுக்கலில் எங்கள் எண் விழவில்லை.
காத்திருப்போர் வரிசையில்
நூற்றுப்பன்னிரண்டு என்றது கைபேசி.
உயாங்காவுக்கு இரண்டரை வயது.
முன்னால் நிற்கும் நூற்றுப்பதினொரு பிள்ளைகளும்
இடம்பிடித்து முடிக்கையில்
இவள் பள்ளிக்கூடத்துக்கே போயிருப்பாள்.

அவள் அப்பா தெற்கே, செப்புச் சுரங்கத்தில்.
பதினான்கு நாள் அங்கே, ஏழு நாள் வீட்டில்.
நான் உலான்பாத்தரில் டிராலிபஸ் ஓட்டுகிறேன்,
ஐந்தரைக்கு முதல் வண்டி.
ஊரார் பிள்ளைகளையெல்லாம்
பத்திரமாக இறக்கிவிடுகிறவளுக்குத்
தன் பிள்ளையை இறக்கிவிட ஓரிடமில்லை.

முதலில் பார்த்த வீட்டில்
சுவரெல்லாம் சான்றிதழ்.
கம்பளத்தில் ஒரு ரொட்டித் துணுக்கு இல்லை.
காலை பதினொரு மணிக்கு
ஒன்பது குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
"எங்களிடம் அழுகையே கிடையாது" என்றாள் அந்த அம்மாள்.
ஒன்பது குழந்தை, ஒரு இருமல்கூட இல்லை.
இந்த ஊர்க் குளிரில், இந்தக் கரிப்புகையில்
இருமாத குழந்தையை நான் பார்த்ததில்லை.
ஒருத்தியின் மூக்கருகே விரலை வைத்தேன்.
மூச்சு வந்தது.
நான் வெளியே வந்தேன்.

இரண்டாவது வீட்டைப் பற்றி எழுத மாட்டேன்.

மூன்றாவது, மலைச்சரிவில் ஒரு கம்பளிக் கூடாரம்.
பாதி வழியிலேயே சத்தம் கேட்டது.
ஒருவன் அடுத்தவன் காலணியில் தத்தித் திரிந்தான்.
ஒருத்தி தன் கிண்ணத்துக்காக ஊரைக் கூட்டினாள்.
நடுவில் அடுப்பு;
சுற்றிலும் இடுப்புயர இரும்பு வேலி,
தரையோடு முடுக்கியது.
ஆட்டிப் பார்த்தேன்.
"இன்னும் பலமாக" என்றாள் செர்மா.
"அவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள்."

எத்தனை பேர்?
"ஐந்து. இவள் வந்தால் ஆறு. ஏழாவதுக்கு எனக்குக் கை இல்லை."
வேறு யார் வந்துபோவார்கள்?
"தம்பி. கரிமூட்டையை வாசலில் போட்டுவிட்டுப் போவான்."
இதுவரை ஏதாவது நடந்திருக்கிறதா?

இந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிப்பார்கள்.
செர்மா சிரிக்கவில்லை.
"போன மார்ச்சில் ஒரு பையன் கையைச் சுட்டுக்கொண்டான்.
தேநீர்ப் பாத்திரம். என் தவறு.
அவன் அழுது ஓயுமுன் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்."
காலணி மாற்றிப் போட்டவனை நோக்கித் தலையசைத்தாள்:
"அவன்தான்."

பிறகு அவள் கேட்டாள்.
எதற்குப் பயப்படுவாள்?
எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவாள்?
நீங்கள் வண்டியில் இருக்கையில் நான் அழைத்தால்
யார் எடுப்பார்கள்?
கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை.
"ஆளைக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள்" என்றாள்.
பணிமனைக் கணக்கர் பாயார்மாவைக் கெஞ்சி
அவள் எண்ணை வாங்கிக்கொண்டு
மறுநாள் திரும்பவும் மலையேறினேன்.

முதல் நாள்.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்களே, அதுதான்;
அந்த நெருப்புக்கு வேலி கிடையாது.
கிழக்குத் திருப்பத்தில் கம்பத்தின் முனை
மின்கம்பியை விட்டு நழுவியது.
நூறு முறை மாட்டியிருக்கிறேன்.
அன்று மூன்று தடவை தவறியது.
உள்ளே ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
கைபேசி அடிக்கவேயில்லை.
அடிக்காததும் பயமாக இருந்தது.

காலை இருட்டில் பார்த்தும் விட்டிருந்தேன்:
அவள் நீலச் சட்டையின் மேல் பொத்தான்
ஒற்றை இழையில் தொங்கியதை.
மாலையில் அது சிவப்பு நூலில் இறுகியிருந்தது.
"வாய்க்குள் போயிருக்கும்" என்றாள் செர்மா.
அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.
எனக்கு நன்றி சொல்ல வரவில்லை.
வெட்கமாக இருந்தது.

சரிவு முழுக்கச் சுமந்து இறங்கினேன்.
தெருவிளக்கடியில் நின்று
பொத்தானை இழுத்துப் பார்த்தேன்.
பிறகு, இன்னும் பலமாக.
உயாங்கா என் கையைத் தட்டிவிட்டாள்.