பதினொன்றாம் கலம்

ஒப்பந்தப் படிவத்தில் பதினொன்றாம் கலம்:
இத்துறையில் பணிபுரியும் உறவினர் எவரேனும் உண்டா?
உண்டெனில் பெயர், பதவி, உறவுமுறை.
பேனாவைத் தூக்கிக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன்.
சென்னியப்பன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி
"அதுக்கு ஒரு கோட்டப் போட்டு உடு கண்ணு" என்றார்.
போட்டேன்.
அரை அங்குலம் இருக்கும்.

ஓவர்சியர் தவமணி அவருடைய தங்கை வீட்டுக்காரர்.
தீபாவளிக்கு அந்த வீட்டில் இனிப்புப் பெட்டி கொடுத்து
காப்பியும் குடித்துவிட்டு வந்தவள் நான்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, கரட்டுப்பள்ளத்துத் தடுப்பணை.
தூர்வார அரசு ஒதுக்கியது முப்பத்தெட்டு லட்சம்.
வண்டல் ஆயிரத்து நானூறு நடை என்று பில்.
டீசல் சீட்டெல்லாம் என் மேசைக்குத்தான் வரும்;
ஓடியது முந்நூற்றுச் சொச்சம்.
மீதியை
காங்கேயம் ரோட்டு மாடி அறையில் உட்கார்ந்து
நான்தான் ஓட்டினேன்.
காலை ஏழு ஐம்பது. எட்டு இருபது. எட்டு ஐம்பத்தைந்து.
ஒரே சீராகப் போனால் சந்தேகம் வருமென்று
நடுவில் ஒரு பஞ்சரும் வைத்தேன்.
அந்தப் பஞ்சரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆழம் ஒன்றரை மீட்டர் என்று
அளவுப் புத்தகத்தில் தவமணி கையெழுத்திட்டார்,
செருப்பில் மண் ஒட்டாமல்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி மழைக்கு அணை நிரம்பியது.
விடிவதற்குள் வழிந்தும் போனது.
சின்ன வெங்காயம் போட்டிருந்த நாச்சிமுத்து
கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவில் ஒரே வரி:
"தண்ணி நிக்குலீங்க."

தணிக்கைக்கு வந்த அம்மாள் அதட்டவே இல்லை.
தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து
இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தார்.
ஒன்று என் நடைச் சீட்டு:
மார்ச் பத்தொன்பது, ஓட்டுநர் மயில்சாமி, பதினோரு நடை.
இன்னொன்று பெருந்துறை ஆஸ்பத்திரிச் சீட்டு:
மார்ச் பத்தொன்பது, மயில்சாமி,
வலது காலில் பிளேட் வைத்த அறுவை.
அந்தக் காலுக்கும் நல வாரியத்திலிருந்து
அதே அரசாங்கம்தான் பணம் கொடுத்திருந்தது.
"கால் ரெண்டு எடத்துல இருந்திருக்குது பாருங்க"
என்றார். அவ்வளவுதான்.

திருப்பூர் கோர்ட்டில் முதலாளியின் வக்கீல்
பதினொன்றாம் கலத்தை உயர்த்திக் காட்டினார்.
"கோடு ஒரு சொல் அல்ல, கனம் கோர்ட்டாரே.
சொல்லாத ஒன்று எப்படிப் பொய்யாகும்?"
பின்வரிசையில் யாரோ தலையாட்டினார்கள்.
எனக்கும் ஒரு நிமிடம் மூச்சு வந்தது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"கேட்ட இடத்தில் சொல்லாமல் விட்டதற்கு
நீங்கள் வைக்கிற பெயர் என்ன?"
"மறதி" என்றார் வக்கீல்.
நீதிபதி என் பக்கம் திரும்பினார்.
"துளசிமணி, நீங்கள் மறந்தீர்களா?"

கண்ணபுரம் சந்தையில் சுழியை மறைத்து மாடு விற்றால்
மறுநாளே கயிற்றோடு வாசலில் கொண்டுவந்து கட்டுவார்கள்.
தடுப்பணையை எந்தக் கயிற்றில் கட்டி ஓட்டிவருவது?
தண்டவாளக் கம்பியைப் பிடித்ததுபோல்
கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
இதைத்தான் நினைத்தேன். வாய் வேறு சொன்னது:
"மறக்கலீங்க."

முழுவதையும் சொன்னால் எனக்கு மன்னிப்பு உண்டென்றார்கள்.
முழுவதும் என்றால்
பஞ்சரையும் சேர்த்து.
அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது,
காசைச் சொன்னபோது அல்ல.
எழுத்தர் தட்டச்சை நிறுத்தி
"பஞ்சர் எந்தச் சக்கரம்?" என்று கேட்டார்.
அதையும் எழுதியிருந்தேன். பின்னால், இடதுபக்கம்.

இப்போது முத்தூரில் ஒரு எண்ணெய் ஆலை.
கணக்கு எழுத ஆள் தேவை.
விண்ணப்பத்தில் ஒன்பதாம் கலம்:
தங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா, இருந்ததா?
கட்டம் அரை அங்குலம்தான்.
ஒரு கோட்டுக்குச் சரியாக இருக்கும்.

'உண்டு' என்று தொடங்கினேன்.
கட்டம் போதவில்லை.
ஓரத்தில் சிறிதாக
'பின்பக்கம் பார்க்க' என்று எழுதித்
தாளைத் திருப்பினேன்.