விலக்கியவை, காரணத்துடன்

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வுச் சுருக்கங்கள்.
நானும் ஷு யென்னும் தனித்தனியே படிக்கிறோம்.
ஒருத்தி முடிவு மற்றவள் கண்ணில் படக் கூடாது,
அதுதான் விதி.

எலிகள் ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம்.
டொலுவீன், சைலீன்,
மூச்சில் எவ்வளவு, எத்தனை ஆண்டு.

எண் 2087:
கப்பல் பட்டறையில் சாயம் பூசியவர்கள், பதினொருவர்.
கைநடுக்கம். பெயர்கள் மறப்பது.
ஒப்பிட வேறு குழு இல்லை;
புகைப்பார்களா என்று எவரும் கேட்கவில்லை;
மூவர் ஊர் திரும்பிவிட்டார்கள், தொடர்பில் இல்லை.
வேண்டாம் என்று குறித்தேன்.
அவளும் வேண்டாம்.
இப்படி ஒத்துப்போவது அபூர்வம்,
மூன்றாமவரைக் கூப்பிடவே இல்லை.

தோ பாயோவில் எங்கள் புளோக்குக்கு
இந்த மாதம் புதுச் சாயம்.
பதினோராம் மாடிச் சன்னலுக்கு வெளியே
தொங்குமேடை ஆடியபடி வந்து நிற்கிறது.
துணிக்கம்பிச் சட்டத்துக்கு எனாமல் அடிக்கிறவர்
முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்
கைப்பேசியில் யாருக்கோ சொல்கிறார்:
“ஆமா, சாப்ட்டாச்சு.
லேசா தலவலி, வேற ஒண்ணுமில்ல.”

வாடை உள்ளே வருகிறது.
எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்துகிறேன்,
ஒரு சான்றும் கேட்காமல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவர் உதடுகள் இன்னும் அசைகின்றன.

எண் 2088.
எலிகள், ஆண், நாற்பது.